ஒரே ஆண்டில் இத்தனை பேர் மறைவது தற்செயலா?

கேள்வி இதுதான்: 1963 நவம்பர் 22 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி, எழுத்தாளர்கள் ஆல்டஸ் ஹக்ஸ்லி, சி. எஸ். லூயிஸ் மூவரும் இறந்தார்கள். 2016இல் மாதம் தவறாமல் புகழ்பெற்றவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். சில ஆண்டுகள் மட்டும் ஏன் இப்படி அமைகின்றன? இதற்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா?

பின்னால் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. இருப்பதெல்லாம் முன்னால்தான். ஒரே ஆண்டில் ஏன் இறந்தார்கள் என்று காரணம் தேடினால் பெரும்பாலும் கை வெறுமையாகத்தான் திரும்பும். ஒரே ஆண்டில் இறந்ததால் அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று பார்த்தால் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

முதலில் கணக்கை முடித்துவிடுவோம். இன்றைய உலகில் ஆண்டுக்குச் சுமார் 6 கோடிப் பேர் இறக்கிறார்கள். நாளொன்றுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் சிலராவது இல்லாத வாரம் கிடையாது. 23 பேர் கூடியிருந்தால் அவர்களில் யாரோ இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். 57 பேர் என்றால் 99 சதவீதம். இறந்தநாளுக்கும் இதே கணக்குதான். சொல்லப்போனால் மரணங்கள் ஆண்டு முழுவதும் சீராகப் பரவுவதில்லை, குளிர்ப் பிரதேசங்களில் குளிர்காலத்தில் கூடுகின்றன. அதனால் பொருத்தங்கள் இன்னும் எளிதாகவே கிடைக்கும். வரலாற்றில் பெயர் பெற்ற சில ஆயிரம் பேரை வரிசையாக எழுதிவைத்தால், ஒரே நாளில் இறந்த இணைகள் அதில் நிறையவே விழும். நாம் சுவையான சிலவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துவிட்டு அதிசயிக்கிறோம்.

எனக்குப் பிடித்த இணை ஒன்று உண்டு. 1827 மார்ச் 5 அன்று, மின்கலத்தை உருவாக்கிய வோல்டா இத்தாலியின் கோமோவில் இறந்தார். அதே நாளில் லாப்லாஸ் பாரிஸில் இறந்தார். நிகழ்தகவுக் கணிதத்தை ஒரு துறையாக நிமிர்த்தி நிறுத்தியவர்களில் லாப்லாஸ் முக்கியமானவர். இந்தப் பொருத்தத்தைக் கண்டு துளியும் வியக்காத ஒருவர் உண்டென்றால் அது அவராகத்தான் இருக்கும். அதே ஆண்டு பிப்ரவரி 6 அன்று சியாமா சாஸ்திரி தஞ்சாவூரில் மறைந்தார். மார்ச் 26 அன்று பீத்தோவன் வியன்னாவில் மறைந்தார். இரு பெரும் இசை மரபுகளின் உச்சியில் நின்ற இருவர், ஏழு வார இடைவெளியில். ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. பீத்தோவனின் இறுதி ஊர்வலத்துக்கு வியன்னா நகரமே திரண்டது. தீப்பந்தம் ஏந்திச் சென்றவர்களில் ஷூபர்ட்டும் ஒருவர். அவரும் அடுத்த ஆண்டே, 31 வயதில் இறந்தார். 1827 ஆகஸ்டில் லண்டனில் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் இறந்தபோது அடையாளக் கல்கூட இல்லாமல் புதைத்தார்கள். ஆண்டு ஒன்றுதான். ஆனால் அந்த ஆண்டில் இந்த ஐவரையும் ஒரே பட்டியலில் எழுதிப் பார்க்க உலகத்தில் ஒருவராலும் முடிந்திருக்காது. பட்டியல் நாம் பின்னால் போடுவது.

அடுத்து, ‘ஒரே நாள்’ என்பதையும் அவ்வளவு சுலபமாக நம்பக்கூடாது. ஷேக்ஸ்பியரும் செர்வாண்டஸும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒன்றாக இறந்தார்கள் என்று பள்ளிப் புத்தகம் முதல் மேடைப் பேச்சு வரை சொல்லப்படுகிறது. ஸ்பெயின் அப்போதே கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறியிருந்தது; இங்கிலாந்து பழைய ஜூலியன் நாள்காட்டியிலேயே இருந்தது. இரண்டுக்கும் இடையே 10 நாள் வித்தியாசம். ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23 ஸ்பெயினில் மே 3. போதாக்குறைக்கு, செர்வாண்டஸ் இறந்தது ஏப்ரல் 22 என்றும் 23 அடக்கம் செய்யப்பட்ட நாள் என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆக, இருவருக்கும் இடையே 11 நாட்கள். ஆனாலும் கதை அழகாக இருந்ததால் அது வென்றுவிட்டது. யுனெஸ்கோ 1995இல் ஏப்ரல் 23ஐ உலகப் புத்தக, பதிப்புரிமை நாளாக அறிவித்தது. அதே 1616இல் சீனாவின் மாபெரும் நாடகாசிரியர் டாங் சியான்சுவும் இறந்தார். அவரைச் சேர்த்துக்கொண்டு மூவராகச் சொன்னால் ஆண்டுப் பொருத்தம் இன்னும் வலுவாகவே நிற்கும். ஆனால் அந்தப் பெயர் மேடைகளில் ஏறுவதில்லை.

கலீலியோ இறந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்பதும் இந்த ரகம்தான். கலீலியோ இறந்தது 1642 ஜனவரி 8, புதிய கணக்கில். நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25, பழைய கணக்கில். புதிய கணக்கில் அது 1643 ஜனவரி 4. ஒருவருக்கு ஒரு நாள்காட்டியும் மற்றவருக்கு வேறு நாள்காட்டியும் வைத்தால்தான் இந்த அதிசயம் பலிக்கும்.

நாள்காட்டிச் சிக்கல் தீர்ந்த இருபதாம் நூற்றாண்டிலும் நேர மண்டலம் இருக்கிறது. 1948 ஜனவரி 30 மாலை டெல்லியில் காந்தி சுடப்பட்டார். அதே ஜனவரி 30 அன்று அமெரிக்காவின் டேட்டன் நகரில் ஆர்வில் ரைட் இறந்தார். 1903இல் முதன்முதலாக விமானத்தை ஓட்டியவர். ஒரே தேதி என்பது உண்மை. ஆனால் ரைட் இறந்தது இரவில்; அந்த நேரத்தில் இந்தியாவில் 31 விடிந்துவிட்டது. கென்னடி, ஹக்ஸ்லி, லூயிஸ் கதையை இந்திய நேரத்தில் வைத்துப் பாருங்கள். லூயிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் மாலை ஐந்தரை மணிக்கு இறந்தபோது இங்கே 22ஆம் தேதி இரவு 11 மணி. டல்லஸில் கென்னடி மீது குண்டு பாய்ந்தபோது இங்கே சரியாக நள்ளிரவு. லாஸ் ஏஞ்சலிஸில் ஹக்ஸ்லியின் மூச்சு அடங்கியபோது இங்கே 23ஆம் தேதி காலை ஏறக்குறைய ஏழு மணி. சென்னையில் இருந்து பார்த்தால் ஒருவர் 22, இருவர் 23.

தேதியை ஆட்களே திருத்திய சம்பவமும் உண்டு. பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃப் 1963 அக்டோபர் 10 அன்று தெற்கு பிரான்சில் இறந்தார். பாரிஸின் மகள் பாரிஸில்தான் இறக்கவேண்டும் என்று எண்ணி உடலை ரகசியமாகத் தலைநகருக்குக் கொண்டுவந்து, 11ஆம் தேதி அங்கே இறந்ததாக அறிவித்தார்கள். அவருடைய நெருங்கிய நண்பர், கவிஞரும் திரைப்பட இயக்குநருமான ழான் கொக்தோ அதே 11 அன்று மாரடைப்பால் இறந்தார். பியாஃப் போன செய்தி கேட்டுத்தான் அவருக்கு மாரடைப்பு வந்தது என்ற கதையும் சேர்ந்துகொண்டது. நெடுநாளாகவே நோயாளியாக இருந்தவர் அவர்.

தற்செயல் என்று சட்டென்று தள்ளிவிட எனக்கே சற்றுத் தயக்கம் தரும் ஒரே நாள் 1826 ஜூலை 4. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் சரியான ஐம்பதாம் ஆண்டு நிறைவு. அதை எழுதிய ஜெஃபர்சன் 83 வயதில் வர்ஜீனியாவில் நண்பகலை ஒட்டி இறந்தார். அதற்காகச் சபையில் வாதாடிய ஜான் ஆடம்ஸ் 90 வயதில் மாசசூசெட்ஸில் அன்று மாலை இறந்தார். இருவரும் நண்பர்கள், பிறகு எதிரிகள், பிறகு மறுபடியும் கடிதம் எழுதிக்கொண்ட நண்பர்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து இன்னொரு ஜூலை 4 அன்று ஐந்தாவது அதிபர் மன்றோவும் போய்ச்சேர்ந்தார். மரணப் படுக்கையில் இருக்கும் முதியவர் ஒரு முக்கியமான நாள் வரை உயிரைப் பிடித்துவைத்திருக்க முடியுமா என்பதைப் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இந்த இருவரைப் பொறுத்தவரை அந்த நாளின் அருமை இருவருக்கும் தெரியும், இருவரும் சில நாட்களாகவே இழுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம். அதே தலைமுறையைச் சேர்ந்த மாடிசன் 1836 ஜூன் 28 அன்று இறந்தார். இன்னும் ஆறு நாள் தாக்குப்பிடிக்க மருந்து தருவதாகச் சொன்னதை அவர் மறுத்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அந்த மனிதரின் மேல் மதிப்பு கூடுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பெரிய சாவு அருகிலிருக்கும் இன்னொரு சாவை விழுங்கிவிடும். இதற்கு 1953 மார்ச் 5ஐ மிஞ்சிய உதாரணம் இல்லை. அன்று இரவு மாஸ்கோவில் ஸ்டாலின் இறந்தார். அதற்குச் சற்று முன்பு, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளியில், அதே நகரில் இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் இறந்தார். இருவருக்கும் மூளையில் ரத்தக்கசிவு. புரோகோஃபியெவின் வீடு ஸ்டாலினின் உடல் வைக்கப்பட்டிருந்த மண்டபத்துக்கு மிக அருகில். அஞ்சலி செலுத்த லட்சக்கணக்கில் கூட்டம், தெருக்கள் அடைபட்டுவிட்டன, நெரிசலில் சிக்கி இறந்தவர்களே பலர். அமரர் ஊர்தி வீட்டை நெருங்க வழியில்லை. சவப்பெட்டியை ஆட்களே தூக்கிக்கொண்டு சந்து சந்தாகச் செல்லவேண்டியிருந்தது. நகரத்துப் பூவெல்லாம் ஸ்டாலினுக்குப் போய்விட்டதால் அண்டை வீட்டுத் தொட்டிச் செடிகளை வைத்தார்கள் என்று சொல்வார்கள். வந்திருந்தவர்கள் முப்பது நாற்பது பேர். நாட்டின் முதன்மையான இசை இதழில் முதல் 115 பக்கங்கள் ஸ்டாலினுக்கும், 116ஆம் பக்கம் புரோகோஃபியெவுக்கும் என்ற தகவல் அவரைப் பற்றிய எழுத்துகளில் தவறாமல் வருகிறது. இசை இதழில்!

இதில் இன்னொரு கசப்பும் இருக்கிறது. 1948 பிப்ரவரியில் கட்சி வெளியிட்ட தீர்மானத்தில் புரோகோஃபியெவ், ஷோஸ்டகோவிச் முதலியவர்களின் இசை மக்களுக்கு விரோதமானது என்று கண்டிக்கப்பட்டது. அவருடைய படைப்புகள் பல அரங்குகளிலிருந்து மறைந்தன. கடைசி ஆண்டுகளில் பணத்துக்கே திண்டாடினார். வாழ்நாளில் ஒடுக்கிய ஆட்சியின் தலைவன் செத்தும் அவரை ஒடுக்கினான் என்றுதான் எனக்குத் தோன்றும். இன்னும் ஓர் ஆண்டு உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பிடி தளர்ந்ததைக் கண்ணால் பார்த்திருப்பார்.

லூயிஸ், ஹக்ஸ்லி இருவருக்கும் நடந்தது இதைவிட மென்மையானது. அவர்களை யாரும் ஒடுக்கவில்லை, கவனிக்க நேரம் இருக்கவில்லை, அவ்வளவுதான். மறுநாள் பத்திரிகைகளில் கென்னடிக்கு அப்பால் இடமில்லை. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வாசகர்களைப் பெற்றிருந்த லூயிஸின் அடக்கத்துக்கு ஒரு சிறு கூட்டமே வந்தது. ஹக்ஸ்லி கேட்டுக்கொண்டபடி கடைசி மணிநேரங்களில் அவர் மனைவி எல்.எஸ்.டி. ஊசி போட்டார், வேறு எந்த நாளாக இருந்தாலும் அது ஒன்றே தலைப்புச் செய்தியாகியிருக்கும். அன்றைக்கு அந்த வீட்டுக்குள்ளேயே தொலைக்காட்சியில் டல்லஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நிழல் விழுவதற்குச் சாவு மட்டுமே காரணமாக இருக்கவேண்டும் என்பதில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காக அரை நூற்றாண்டுக்கு மேல் எழுதிப் போராடிய டு பாய்ஸ், 95 வயதில், 1963 ஆகஸ்ட் 27 அன்று கானாவின் அக்ராவில் இறந்தார். மறுநாள்தான் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தன் புகழ்பெற்ற உரையை ஆற்றிய மாபெரும் பேரணி. மேடையிலிருந்து டு பாய்ஸின் மறைவு அறிவிக்கப்பட்டது. செய்தியாக அது மறைந்துபோனது என்றாலும், அதைவிடப் பொருத்தமான இரங்கல் கூட்டத்தை யாரும் ஏற்பாடு செய்திருக்க முடியாது.

1997இல் டயானா இறந்து ஐந்து நாட்களில் அன்னை தெரசா மறைந்தார். யாருக்கு எத்தனை பக்கம் கொடுத்தார்கள் என்று அப்போது பெரிய சண்டையே நடந்தது. 2007 ஜூலை 30 அன்று திரைமேதைகள் பெர்க்மனும் அன்டோனியோனியும் இறந்தபோது எதிர்மாறாக நடந்தது: இருவரையும் சேர்த்து வைத்து எழுதிய கட்டுரைகள் குவிந்தன, ஒருவர் மற்றவருக்கு வெளிச்சம் காட்டினார். துறை ஒன்றாகவும் உயரம் ஒன்றாகவும் இருந்தால் இப்படி அமையும். 1937இல் மார்க்கோனியும் ஜகதீஷ் சந்திர போஸும் நான்கு மாத இடைவெளியில் இறந்தார்கள். இருவருமே கம்பியில்லாத் தகவல் தொடர்பின் முன்னோடிகள். ஆனால் மார்க்கோனிக்காக வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் மௌனம் காத்தன. போஸை அந்தத் துறையின் முன்னோடியாக மின்பொறியாளர்கள் முறையாக ஒப்புக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின.

காரணமே கிடையாதா என்றால், சில ஆண்டுகளில் உண்டு: கொள்ளைநோய். 1918இல் வியன்னா தன் நவீனக் கலையின் நான்கு தூண்களை இழந்தது: ஓவியர் கிளிம்ட், கட்டடக்கலைஞர் ஓட்டோ வாக்னர், வடிவமைப்பாளர் கோலோமான் மோசர், இளம் ஓவியர் எகோன் ஷீலே. இந்த நால்வரையும் ஸ்பானிஷ் காய்ச்சல் கொண்டுபோனதாகப் பொத்தாம்பொதுவாக எழுதிவிடுகிறார்கள். மோசர் இறந்தது புற்றுநோயால். கிளிம்ட் பக்கவாதத்தில் விழுந்து, பிப்ரவரியில், அந்தக் காய்ச்சல் ஐரோப்பாவில் பரவுவதற்கு முன்பே போய்விட்டார். காய்ச்சலுக்கு நிச்சயமாகப் பலியானவர் ஷீலேதான்: அக்டோபர் 28 அன்று கர்ப்பிணி மனைவி, மூன்று நாள் கழித்து அவர். வயது 28. நம் காலத்திலும் இதே குழப்பம் உண்டு. 2020 என்றாலே கோவிட் ஆண்டு. எஸ். பி. பாலசுப்ரமணியம் கோவிட் தொற்றோடு மருத்துவமனையில் சேர்ந்துதான் நம்மை விட்டுப் போனார். ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் அடுத்தடுத்த நாட்களில் இறந்த நடிகர்கள் இர்ஃபான் கான், ரிஷி கபூர் இருவருக்கும் புற்றுநோய். ஆண்டுக்கு ஒரு முத்திரை விழுந்துவிட்டால் அந்த ஆண்டின் எல்லாச் சாவுகளும் அந்தக் கணக்கிலேயே ஏறிவிடுகின்றன.

1948க்கு வேறொரு விதமான பொருள் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூன் 30 அன்று புதுமைப்பித்தன் 42 வயதில் திருவனந்தபுரத்தில் காசநோயால் இறந்தார். செப்டம்பர் 11 அன்று கராச்சியில் ஜின்னா இறந்தார். அவருக்கும் நுரையீரலைத் தின்றது காசநோய்தான், அதை வெளியில் தெரியாமல் கடைசி வரை காத்தார்கள். ஒரு புதிய நாட்டின் தலைவரும், மருந்துக்கே பணம் புரட்ட முடியாமல் தவித்த எழுத்தாளரும் ஒரே ஆண்டில் ஒரே நோய்க்கு. காசநோய்க்கு எதிரான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அது பலன் தருகிறது என்று நிறுவிய பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வின் முடிவுகள் 1948 அக்டோபரில்தான் அச்சேறின. புதுமைப்பித்தன் போய் நான்கு மாதம். தேதிகளைச் சேர்த்துவைத்துப் பார்ப்பதில் பயன் உண்டென்றால் இந்த மாதிரி இடத்தில்தான். எந்த வாசல் யாருக்கு எப்போது மூடியது, எப்போது திறந்தது என்பது தெரிகிறது.

அருகருகே நிகழும் சாவுகள் சந்தேகத்தையும் வளர்க்கும். 1966 ஜனவரி 11 அன்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தார். 13 நாள் கழித்து, இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்ற அதே ஜனவரி 24 அன்று, அணு விஞ்ஞானி ஹோமி பாபா சென்ற ஏர் இந்தியா விமானம் மோன் பிளாங்க் மலையில் மோதி, அதிலிருந்த 117 பேரும் இறந்தார்கள். இரண்டு வாரத்தில் இரண்டு பேர் என்றதும் சதிக் கதைகள் கிளம்பின, இன்றும் ஓயவில்லை. விமானிக்கும் தரைக்கட்டுப்பாட்டுக்கும் இடையே விமானத்தின் இருப்பிடம் பற்றி ஏற்பட்ட தவறான புரிதலே விசாரணையில் காரணமாகச் சொல்லப்பட்டது. 1950இலும் ஓர் ஏர் இந்தியா விமானம் அதே மலையில் மோதி நொறுங்கியிருக்கிறது. அதில் பாபா இல்லாததால் அதைப் பற்றி யாரும் கதை கட்டவில்லை.

2016ஐத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அங்கே நிஜமாகவே எண்ணிக்கை கூடியது. ஜனவரியில் பாடகர் டேவிட் போவி, நடிகர் ஆலன் ரிக்மன். பிப்ரவரி 19 ஒரே நாளில் எழுத்தாளர்கள் ஹார்ப்பர் லீ, உம்பர்த்தோ எக்கோ. பிறகு கால்பந்து வீரர் கிராய்ஃப், கட்டடக்கலைஞர் சாஹா ஹதீத், பாடகர் பிரின்ஸ், முகமது அலி, பாடகர் லியனார்ட் கோஹன், காஸ்ட்ரோ. தமிழில் ஆகஸ்டில் நா. முத்துக்குமார், நவம்பரில் பாலமுரளிகிருஷ்ணா, டிசம்பர் 5 ஜெயலலிதா, டிசம்பர் 7 சோ. (சோவின் நீண்ட பொதுவாழ்வுக்குக் கிடைக்கவேண்டிய அலசல் அந்த வாரத்தில் கிடைக்காமலே போனது. அவரே இருந்திருந்தால் இதை வைத்து ஒரு துணுக்கு எழுதியிருப்பார்.) பெரிய செய்தி நிறுவனங்கள் பிரபலங்களுக்கு இரங்கல் குறிப்புகளை முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கும். அப்படி பிபிசி தயாரித்து வைத்திருந்தவற்றில் 2012இன் முதல் மூன்று மாதங்களில் 5 பயன்பட்டன. 2016இன் அதே மாதங்களில் 24.

காரணம் ராசி அல்ல, தொலைக்காட்சி. 1950க்கு முன்பு உலகப் புகழ் என்பது அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் சில நடிகர்களுக்கும் மட்டுமே வாய்த்தது. 1950, 60களில் தொலைக்காட்சியும் இசைத்தட்டும் வீட்டுக்கு வீடு நுழைந்தபோது புகழ்பெற்றவர்களின் தொகையே பல மடங்காகப் பெருகியது. அப்போது இருபது வயதில் மேடையேறியவர்கள் 2010களில் எழுபதைத் தாண்டினார்கள். போருக்குப் பிந்தைய பெருந்தலைமுறையும் அதே வயதை எட்டியது. அணை உயரமாகக் கட்டப்பட்ட ஆண்டைப் பார்க்காமல், மதகு திறந்த ஆண்டைப் பார்த்து மலைத்தோம். இந்த எண்ணிக்கை 2016இல் வந்து 2016இல் போய்விடவில்லை, வரும் ஆண்டுகளிலும் இறங்காது. நமக்கு மரத்துப்போய்விட்டது, அதனால் யாரும் ஆண்டைத் திட்டுவதில்லை.

கடைசியாக, இறந்த ஆண்டு உண்மையிலேயே எதையாவது தீர்மானிக்கிறதா? இரண்டு இடங்களில் தீர்மானிக்கிறது.

ஒன்று விருது. 1948ஆம் ஆண்டின் அமைதி நோபலுக்குப் பரிந்துரைகள் வந்துசேரக் கடைசி நாள் ஜனவரி 31. காந்தி கொல்லப்பட்டது அதற்கு முந்தைய நாள். அவர் பெயரைச் சொல்லி ஆறு கடிதங்கள் வந்திருந்தன. இறந்தவருக்குக் கொடுக்கலாமா என்று குழு யோசித்தது. உயிலும் அமைப்பும் இல்லாதவருக்குப் பணத்தை யாரிடம் தருவது என்பது வரை பேசினார்கள். கடைசியில், தகுதியுள்ளவர் யாரும் உயிரோடு இல்லை என்று சொல்லி அந்த ஆண்டுப் பரிசையே நிறுத்திவைத்தார்கள். அந்த வாசகத்தில் பெயர் இல்லை. யாரைக் குறித்தது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

மற்றொன்று பதிப்புரிமை. ஒருவர் எந்த நாளில் இறந்தார் என்பதைச் சட்டம் பொருட்படுத்துவதில்லை, எந்த ஆண்டில் என்பதுதான் கணக்கு. இந்தியாவில் இறந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள், ஐரோப்பாவில் 70. ஜனவரி 1 அன்று இறந்தாலும் டிசம்பர் 31 அன்று இறந்தாலும் அந்த ஆண்டின் எழுத்தாளர்கள் அத்தனை பேரின் நூல்களும் ஒரே நாளில் பூட்டுத் திறந்து வெளியே வருகின்றன. ஒரே ஆண்டில் இறந்தவர்களை நிஜமாகவே ஒரு கூட்டமாக நடத்தும் ஒரே இடம் இதுதான்.

1941ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஜேம்ஸ் ஜாய்ஸ், மார்ச்சில் வர்ஜீனியா வுல்ஃப், ஆகஸ்டில் தாகூர். அன்றைய சட்டப்படி இந்தியாவில் 50 ஆண்டுகள்தான். தாகூரின் உரிமை 1991 டிசம்பர் 31 அன்று முடியவேண்டும். அவர் நிறுவிய விஸ்வபாரதிப் பல்கலைக்கழகத்தின் கையிலிருந்து அது போய்விடக்கூடாது என்ற குரல் வலுத்தது. அந்த டிசம்பரின் கடைசி நாட்களில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து 60 ஆண்டுகளாக நீட்டியது. தாகூருக்காகச் செய்தார்கள், அவரோடு அதே ஆண்டில் இறந்த ஒவ்வொருவருக்கும் பத்து ஆண்டு சும்மா கிடைத்தது. 1940இல் இறந்தவர்களுக்கு இல்லை. ஐரோப்பாவில் நடந்தது இன்னும் விசித்திரம். ஜாய்ஸும் வுல்ஃபும் 1992 ஜனவரி 1 அன்று பொதுச்சொத்தானார்கள். மலிவுப் பதிப்புகள் வந்தன. நான்கு ஆண்டுகளுக்குள் ஐரோப்பியச் சட்டம் 70 ஆண்டுகளாக மாறியதும் இருவரும் மறுபடியும் பூட்டுக்குள் போனார்கள். 2011 முடிவில்தான் வெளியே வந்தார்கள்.

கேள்வியில் கேட்ட 1963இன் மூவரும் இந்தியாவைப் பொறுத்தவரை 2024 ஜனவரி 1 அன்று ஒன்றாகவே விடுதலையானார்கள். அவர்கள் உயிரோடு இருந்தபோது வெளியான நூல்களை இங்கே இன்று யாரும் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். பிரிட்டனில் ஹக்ஸ்லிக்கும் லூயிஸுக்கும் 2034 ஜனவரி 1 வரை காத்திருக்கவேண்டும். அமெரிக்காவிலோ அந்தக் காலத்து நூல்களுக்கு இறந்த ஆண்டு கணக்கிலேயே இல்லை, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள். அதன்படி 1932இல் வந்த, எதிர்கால உலகைப் பற்றிய ஹக்ஸ்லியின் நாவல் 2028 ஜனவரியிலும், 1950இல் தொடங்கிய லூயிஸின் சிறுவர் வரிசையின் முதல் நூல் 2046 ஜனவரியிலும், புலிட்சர் பெற்ற கென்னடியின் 1956ஆம் ஆண்டு நூல் 2052 ஜனவரியிலும் விடுபடும். அதிபராக அவர் ஆற்றிய உரைகளுக்கு மட்டும் எந்தக் காத்திருப்பும் கிடையாது; அமெரிக்க அரசின் எழுத்துக்கு அங்கே பதிப்புரிமை என்பதே இல்லை.